மலைப்பாதையில் முட்டும் மூச்சு

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்குக் கல்லூரி வந்துபோகும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: 20 கொண்டை ஊசி வளைவுகளைப் பேருந்து கடப்பதற்குள் மூச்சு முட்டுகிறது, இன்ஹேலர் எடுத்த பிறகும் நெஞ்சு படபடத்து விரல்கள் மரத்துப்போகின்றன, கைப்பேசியில் உள்ள மூச்சுப்பயிற்சிச் செயலி இதற்கு உதவுமா?

ஆஸ்துமாவில் மூச்சுக்குழல்கள் வீங்கிச் சளி கட்டுவதும், சுற்றியுள்ள தசை இறுகுவதும் பலரும் அறிந்தவை. அதன்மீது பயம் செய்யும் வேலை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

பயந்தவர் வேகவேகமாக மூச்சு விடும்போது, உடலில் உண்டாவதைவிட அதிகமான கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடுகிறது. வெறும் கழிவு என்று நாம் நினைக்கும் அந்த வாயுதான் இரத்தத்தின் அமில, காரச் சமநிலையைக் காக்கிறது. அது குறைந்ததும் இரத்தம் காரத்தின் பக்கம் சாய்கிறது. மூளையின் இரத்தக்குழாய்கள் சுருங்கித் தலை சுற்றுகிறது. இரத்தத்தில் தனித்து உலவும் கால்சியம் அயனிகள் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகின்றன. மூச்சுக்குழல் தசையும் மேலும் இறுகக்கூடும். இன்ஹேலரில் உள்ள சால்பியூட்டமால் தரும் படபடப்பும் கைநடுக்கமும் இவற்றோடு சேரும்போது, மருந்தே வேலை செய்யவில்லை என்று எண்ணி அந்தப் பெண் இன்னும் வேகமாக மூச்சு வாங்குகிறார்.

செயலியின் திரையில் ஒரு வட்டம் 4 விநாடி விரிந்து 6 விநாடி சுருங்குகிறது என்றால், அதோடு மூச்சு விடுபவருக்கு நிமிடத்துக்கு 6 மூச்சுதான் ஆகிறது. கார்பன் டை ஆக்சைடு மெல்லப் பழைய அளவுக்குத் திரும்புகிறது. குறுகிய குழல்களுக்குப் பின்னால் சிக்கிய காற்று வெளியேறவும் அந்த நீண்ட வெளிமூச்சு நேரம் தருகிறது.

ஆனால் வட்டத்தால் வீக்கம் வற்றாது. மூச்சு முட்டினால் முதலில் இன்ஹேலர்தான். அதற்குப் பிறகும் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இன்ஹேலர் பழகினால் விடாது என்ற பேச்சுக்குப் பயந்து தோழிகள் முன் அதை மறைக்கும் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது. இத்தகைய செயலிகளைத் தமிழிலேயே உருவாக்கி, நம் மாணவர்களிடம் சோதித்துப் பார்க்க அரசு ஆராய்ச்சிப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த மாணவி, மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறு கருவியை வாங்கி, காலையும் மாலையும் ஊதி, அளவைச் செயலியில் குறித்துவரலாம். தமது சிறந்த அளவில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தும் வளைவுகளில் மட்டும் மூச்சு முட்டினால், அந்தக் குறிப்போடு மருத்துவரிடம் பயத்தைப் பற்றியும் பேசலாம். 14416 என்ற, அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணிலும் மனநல ஆலோசகர்கள் தமிழில் பேசுகிறார்கள்.