பிரிக்காத பாக்கெட்டுக்குள் ஆக்சிஜன் எப்படி நுழைகிறது?

"பாக்கெட்டைப் பிரிக்கவே இல்லை, ஊசிமுனை ஓட்டைகூட இல்லை. பிறகு எப்படி உள்ளே இருந்த வறுவலில் சிக்கு வாடை வந்தது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். உள்ளே நைட்ரஜன்தானே அடைக்கிறார்கள் என்பது அவருடைய துணைக் கேள்வி.

நைட்ரஜன்தான் அடைக்கிறார்கள். ஆக்சிஜன் வந்தது சுவர் வழியாக.

உணவைக் கெடுப்பவை எவை என்பது பள்ளியில் படித்ததுதான்: நுண்ணுயிர், ஈரம், வெளிச்சம், ஆக்சிஜன். வறுத்த பண்டத்தில் ஈரம் மிகக் குறைவு, அதனால் நுண்ணுயிர்களுக்கு அங்கே வேலையில்லை. எண்ணெயை ஆக்சிஜன் விடாது. அந்த வினையில் உண்டாகும் ஆல்டிஹைடு போன்ற பொருட்கள்தான் மூக்கில் ஏறுகின்றன. இதைத் தள்ளிப்போடத்தான் நைட்ரஜன். சரி, சுவருக்கு வருவோம்.

பிளாஸ்டிக் தாள் கண்ணுக்குத்தான் கெட்டி. உள்ளே நீளநீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் பின்னிக் கிடக்கின்றன. பாலிஎத்திலீன் போன்றவற்றில் அவை அறை வெப்பநிலையிலேயே ஓயாமல் நெளிகின்றன. நெளியும்போது சங்கிலிகளுக்கு இடையே சிறு இடைவெளி கண நேரம் திறந்து மூடும். வெளியிலிருந்து வந்து மோதும் ஆக்சிஜன் மூலக்கூறு முதலில் அந்தப் பிளாஸ்டிக்கில் கரைகிறது. ஆமாம், சர்க்கரை நீரில் கரைவதுபோல வாயு திண்மத்திலும் கரையும். அப்புறம் பக்கத்தில் ஓர் இடைவெளி திறந்தால் அதற்குத் தாவும், இல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே காத்திருக்கும். இப்படித் தட்டுத்தடுமாறி மறுபக்கம் போய் வெளியேறிவிடும்.

இதை 1866-லேயே ரப்பர் சவ்வை வைத்துச் சொன்னவர் ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிரஹாம். நுண்ணிய ஓட்டை வழியே லேசான வாயு வேகமாகப் போகும் என்ற 'கிரஹாம் விதி' அவருடையதுதான். ஆனால் ரப்பரில் ஆக்சிஜனைவிடக் கனமான கார்பன் டை ஆக்சைடு முந்திக்கொண்டது. ஓட்டை வழியாகப் போயிருந்தால் அவருடைய விதிப்படி அது பின்தங்கியிருக்க வேண்டும். அப்படியானால் அங்கே ஓட்டை இல்லை, கரைந்துதான் போகிறது. தன் பெயரில் உள்ள விதி பொய்க்கும் இடத்தை வைத்தே புதிய வழியைக் கண்டுகொண்ட மனிதர்!

பாக்கெட் நைட்ரஜனால் உப்பியிருந்தாலும் ஆக்சிஜனைத் தள்ளி நிறுத்த முடியாது. ஒவ்வொரு வாயுவும் தன் கணக்கை மட்டுமே பார்க்கும். வெளியே ஆக்சிஜன் 21%, உள்ளே ஏறக்குறையப் பூஜ்யம், அதனால் உள்ளே வந்துகொண்டேதான் இருக்கும்.

ஆகவே கேள்வி, எவ்வளவு மெதுவாக வரும் என்பதுதான். பாலிஎத்திலீன் ஈரத்தை நன்றாகத் தடுக்கும், ஆக்சிஜனைத் தாராளமாக விடும். எத்திலீன் வினைல் ஆல்கஹால் என்ற இன்னொரு பிளாஸ்டிக் இதற்கு நேர்மாறு. அதன் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் இறுக்கிப் பிடித்திருப்பதால், அது உலர்ந்திருக்கும்வரை ஆக்சிஜன் நுழைவு பாலிஎத்திலீனில் இருப்பதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் குறையும். ஈரம் பட்டால் நீர் மூலக்கூறுகள் இடையில் புகுந்து அந்தப் பிடியைத் தளர்த்திவிடும். அதனால் அதை இரண்டு பாலிஎத்திலீன் அடுக்குகளுக்கு நடுவில் ஒளித்துவைக்கிறார்கள். வறுவல் பாக்கெட்டின் உள்பக்கம் மினுங்குவது, வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியம். தடிமன் சில பத்து நானோமீட்டர்தான். கசங்கி மடிந்த இடத்தில் அது விரிசல் விடும். வாசகரின் பாக்கெட்டிலும் இதுவே நடந்திருக்கலாம்.

இந்த வழியில் பயணிப்பது ஆக்சிஜன் மட்டும் அல்ல. பிளாஸ்டிக்கில் கலந்த சேர்மங்கள், அச்சு மையின் கூறுகள் ஆகியவையும் இதே முறையில் நகர்ந்து உணவில் இறங்கும். சூடும் எண்ணெய்ப் பசையும் நாட்களும் கூடக்கூட அதிகம் இறங்கும். ஆனால் தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் வைத்தால் டயாக்சின் என்ற நச்சுப்பொருள் கசியும் என்று ஒரு செய்தி ஆண்டுக்கணக்காகச் சுற்றுகிறது. குளிரில் இந்த நகர்வு மந்தமாகும், டயாக்சின் பிறப்பதோ எரியும்போது. தலைகீழான இந்தப் பயத்தைப் பரப்புகிறவர்களே கொதிக்கும் குழம்பைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றவும் தயங்குவதில்லை. பயப்படுவதானால் சரியான இடத்தில் பயப்படலாமே!

உண்மையிலேயே கவனிக்க வேண்டியவையும் உண்டு. உலோக டப்பாக்களின் உட்பூச்சில் பயன்பட்ட பிஸ்பீனால் ஏ என்ற வேதிப்பொருளுக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் பாதுகாப்பு வரம்பை 20,000 மடங்கு குறைத்தது. 2024 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் உணவைத் தொடும் பொருட்களில் அதற்குத் தடை விதித்தது. இப்படி மாதக்கணக்கில் உட்கார்ந்து கசிவை அளக்கும் வேலையில் கவர்ச்சி இல்லை. என்னைக் கேட்டால், ஆய்வு நிதி முதலில் போக வேண்டியது அதற்குத்தான்.

சரி, ஆக்சிஜனை அடியோடு விரட்டினால்? அங்கேதான் வேறொரு வில்லங்கம். உயிரையே பறிக்கக்கூடிய நஞ்சைச் சுரக்கும் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியா ஆக்சிஜன் இல்லாத இடத்தில்தான் வளரும், அதில் சில வகைகள் 3 டிகிரி செல்சியஸ் குளிரிலேயே வளரும். நாற்றம் காட்டி நம்மை எச்சரிக்கும் மற்ற பாக்டீரியாக்கள் பலவற்றுக்கோ காற்று வேண்டும். அதனால், உறையவைக்காமல் குளிரில் மட்டும் வைத்து விற்கும் பச்சை மீனுக்கு, ஒரு சதுர மீட்டர் வழியே நாளொன்றுக்கு 10,000 கன சென்டிமீட்டர் ஆக்சிஜனை விடும் தாளையே தாராளமாகக் காற்று விடும் உறை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எடுத்துக்கொள்கிறது. நஞ்சு சேரும் முன்பே மீன் நாறிவிட வேண்டும் என்பதே கணக்கு.