பச்சையா தெரியறதெல்லாம் ஒரே பொருள் இல்ல

இன்ஃப்ராரெட் படங்களை வச்சு ப்ராஜெக்ட் பண்ண வர்ற பசங்க ரிப்போர்ட்ல அடிக்கடி ஒரு வரி இருக்கும், "பச்சைப் பகுதி தூசு, சிவப்புப் பகுதி வாயு"ன்னு. எந்த டெலஸ்கோப், எந்த ஃபில்டர், ஒண்ணும் இருக்காது. பசங்கள மட்டும் குத்தம் சொல்லி என்ன, நியூஸ்ல வர்ற படத்துக்குக் கீழயும் யாரும் அதப் போடறதில்லயே.

அகச்சிவப்பு நம்ம கண்ணுக்கே தெரியாது, அப்புறம் அதுக்கு ஏது கலர்? டெலஸ்கோப் ஒவ்வொரு ஃபில்டர்லயும் கருப்பு வெள்ளையாத்தான் எடுக்கும், அதுல மூணை எடுத்து அலைநீளம் கம்மியா இருக்கறதுக்கு நீலம், நடுவுல பச்சை, அதிகமா இருக்கறதுக்கு சிவப்புன்னு நாமதான் ஒதுக்கறோம். ஏமாத்து வேலை கிடையாது. ஆனா எந்த மூணுங்கறது படத்துக்குப் படம் மாறும்.

2003ல மேல போன நாசாவோட அகச்சிவப்பு விண்வெளி டெலஸ்கோப் ஸ்பிட்சரையே எடுத்துக்கோங்க. அதோட 8 மைக்ரான் (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு, அலைநீளத்த அதுலதான் சொல்வோம்) ஃபில்டர்ல பளிச்சுன்னு தெரியறது பெரும்பாலும் பிஏஎச், அதாவது பென்சீன் வளையங்கள் ஒட்டிக்கிட்டு இருக்கற கார்பன் மூலக்கூறு, வண்டிப் புகையில இருக்கே அதே குடும்பம். 3.6, 4.5, 8ன்னு சேத்துப் படம் போட்டா பிஏஎச் சிவப்பு. 4.5, 8, 24ன்னு போட்டா அதே பிஏஎச் பச்சை ஆயிடும், சிவப்பு சூடான தூசுக்குப் போயிடும். மொத வகைப் படத்துல பச்சையா பொகஞ்சாப்ல தெரிஞ்சா அது பிஏஎச்சே இல்ல, இப்பத்தான் உருவாகற பெரிய நட்சத்திரம் பீச்சியடிக்கற வாயு மோதி ஒளிர்றதா இருக்கலாம், 2008ல இந்த மாதிரி 300க்கு மேல பட்டியலே போட்டாங்க.

அயனி வாயுவும், அதாவது எலக்ட்ரானை இழந்த அணுக்களோட வாயுவும், ஒரே இடத்துல நிக்காது, தனிமத்துக்குத் தனிமம் மாறும். ஹைட்ரஜன்ல இருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேணும், கார்பனுக்கு 11.3 போதும். அதனால சூடான நட்சத்திரத்துக்குப் பக்கத்துல ஹைட்ரஜன் அயனியாகி, அந்த வெளிச்சத்துல பிஏஎச் அழிஞ்சு, சுத்தி வெளிய மட்டும் வளையமா மிஞ்சும். 2006ல ஸ்பிட்சர் படங்கள்ல இப்படி 322 வளையம் எண்ணினாங்க. கார்பன் அயனியோ ஹைட்ரஜன் எல்லையத் தாண்டியும் இருக்கும். கார்பன் அயனி விடற 158 மைக்ரான் ஒளிய நம்ம காத்துல இருக்கற நீராவி முழுங்கிடும், அதுக்காகத்தான் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க (டிஐஎஃப்ஆர்) ஹைதராபாத்ல இருந்து பலூன்ல 1 மீட்டர் டெலஸ்கோப்பை 30 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏத்தி, ஜப்பான் குழுவோட ஸ்பெக்ட்ரோமீட்டரை (ஒளிய அலைநீளம் வாரியா பிரிக்கற கருவி) வச்சு மேப் பண்ணாங்க. இதெல்லாம் நம்ம பாடப்புத்தகத்துல ஒரு ஓரமாவாவது வந்திருக்கலாம்.

இப்ப எல்லாரும் ஜேம்ஸ் வெப் விண்வெளி டெலஸ்கோப்புக்குப் போயாச்சு, டேட்டாவும் இலவசம். அதுல 3.35 மைக்ரான் படத்தை அப்படியே எடுத்து பிஏஎச் மேப்புன்னு பேர் வைக்காதீங்க, நட்சத்திர வெளிச்சமும் அதுலதான் கலந்திருக்கு. பக்கத்துல இருக்கற 3.0, 3.6 மைக்ரான் படங்களை வச்சு அதக் கழிச்சுட்டு வாங்க, கழிக்காம வர்ற ரிப்போர்ட்டை நான் திருப்பித்தான் அனுப்புவேன்.