அலமாரியில் பூட்டிய கேமராவில்தான் பூசணம் பூக்கும்

தைப்பூசக் காவடி முடிந்த அடுத்த வாரம் எங்கள் கேமரா பழுதுபார்க்கும் மேசைக்கு வந்து சேரும் லென்ஸ்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. விழாவுக்கென்று அலமாரியிலிருந்து எடுத்திருப்பார்கள். எடுத்த படங்களில் எல்லாம் புகை படிந்தது போல ஒரு மங்கல். விளக்குகளைச் சுற்றிப் பால் வழிந்த மாதிரி ஒளி. காவடியின் சிவப்பும் மஞ்சளும் வெளுத்துக் கிடக்கும். லென்ஸைக் கழற்றி ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பார்த்தால், கண்ணாடிக்கு உள்ளே சிலந்தி வலை போல வேர்விட்டுக் கிளை பிரிந்து நிற்கிறது பூஞ்சை. இந்த முறையும் அதேதான். பிள்ளை பிறந்தபோது ஆசையாக வாங்கி, முதல் பிறந்தநாள் முடிந்ததும் பைக்குள் போன கேமரா. வருகிறவர்கள் சொல்லும் வார்த்தையும் மாறுவதில்லை: "நாங்க கையே வைக்கலையே! பையில போட்டு, அலமாரியில பூட்டித்தானே வெச்சிருந்தோம்."

கை வைக்காததால்தான் வந்தது. இதை எத்தனை பேரிடம் சொல்லியாயிற்று! இன்னும் ஒருமுறை, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பூஞ்சையின் வித்து எங்கிருந்தோ வந்து உங்கள் லென்ஸில் தொற்றுவதில்லை. அது காற்றில் எப்போதும் இருக்கிறது. புது லென்ஸுக்குள்ளும் இருக்கும். அது முளைக்க ஈரமும், கொஞ்சம் சூடும், தின்ன ஏதாவதும் வேண்டும். இருட்டும், அசையாத காற்றும் கிடைத்தால் இன்னும் வசதி. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றாலே ஆபத்து தொடங்குகிறது. 70-க்கு மேல் போனால் சில வாரங்களில் வலை விரிந்துவிடலாம். நாம் இருப்பது மொரிஷியஸில். மேற்குக் கரையில் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை என்றால், நடு மேட்டுநிலத்தில் 4000 மில்லிமீட்டர் வரை கொட்டுகிறது. அந்த மேட்டுநில ஊர்களான கியூர்பீப்பிலும் வாக்குவாவிலும் அலமாரியில் வைத்த தோல் செருப்பும் பெல்ட்டும் பச்சை பூப்பதைப் பார்க்காத வீடு உண்டா? செருப்பு பூக்கிற அதே அலமாரியில் லென்ஸ் மட்டும் எப்படித் தப்பிக்கும்?

அடுத்தது அந்தப் பை. கேமராப் பை அடிபடாமல் காப்பதற்காகச் செய்தது, ஈரத்திலிருந்து காப்பதற்காக அல்ல. உள்ளே இருக்கும் பஞ்சு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தூறலில் ஊர்வலத்தோடு நடந்து, வியர்த்த தோளில் தொங்கிவிட்டு வந்த பை வெளியே ஒரே நாளில் காய்ந்துவிடும். உள்ளே பஞ்சு காய வாரக்கணக்கில் ஆகும். அதை ஜிப் போட்டு மூடி, வெளிச்சுவரை ஒட்டிய மர அலமாரியில், துணிமணிக்குப் பின்னால் தள்ளிவைக்கிறீர்கள். ஈரம், இருட்டு, அசையாத காற்று மூன்றும் ஒரே இடத்தில். வீட்டில் பூஞ்சை வளர்க்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. பயணம் முடிந்தால் கேமராவைப் பையிலிருந்து வெளியே எடுங்கள். பையைத் திறந்தபடி காற்றில் தொங்கவிடுங்கள். பை சுமப்பதற்கு மட்டும்.

லென்ஸ் மூடிய பாத்திரம் என்ற எண்ணமும் தவறு. ஜூம் செய்யும்போது குழல் நீண்டு சுருங்குகிறது. அப்போதெல்லாம் வெளிக்காற்று உள்ளே போய் வருகிறது. முன்னால் மாட்டும் யூவி ஃபில்டர் விரல்படாமல் காக்கும், அவ்வளவுதான். ஃபில்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவிலேயே பூத்த லென்ஸ்கள் வருகின்றன. கேமராவோடு அட்டைப் பெட்டியில் வந்த, ஈரம் உறிஞ்சும் சிறு சிலிகா ஜெல் பொட்டலத்தை இன்னும் பைக்குள் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா? திறந்த இடத்தில் அது ஓரிரு நாளில் நிறைந்துபோயிருக்கும். இப்போது அது வெறும் மணல் பொட்டலம்.

செய்ய வேண்டியது எளிது, செலவும் குறைவு. ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் பிளாஸ்டிக் உணவு டப்பா ஒன்று, 10 லிட்டர் அளவில். ஒரு கேமரா, இரண்டு லென்ஸ் அதில் தாராளமாக அடங்கும். 200 முதல் 250 கிராம் சிலிகா ஜெல்லைத் துணிப்பையில் கட்டிப் போடுங்கள். கூடவே சின்ன டிஜிட்டல் ஈரமானி ஒன்று. எண் வெளியே தெரியும்படி டப்பாவின் சுவரில் ஒட்டுங்கள். ஈரப்பதம் 40-க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் நிற்க வேண்டும். 55-ஐத் தாண்டினால் ஜெல்லை எடுத்து சமையல் ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் 2 மணி நேரம் காயவைத்து, ஆறியதும் திரும்பப் போடுங்கள். ஈரம் ஏறினால் நிறம் மாறும் ஜெல் மணிகளை நம்புவதைவிடத் தராசை நம்பலாம்: காய்ந்த ஜெல்லை எடைபோட்டுப் பையின் மேலேயே எழுதிவையுங்கள். 200 கிராம் பை 230-க்கு ஏறினால் காயவைக்கும் நேரம் வந்துவிட்டது. நீல மணிகளில் கோபால்ட் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது; பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், சோறு சமைக்கும் தட்டில் காயவைக்காதீர்கள். 30 சதவீதத்துக்குக் கீழே இறக்குவதும் வேண்டாம். ரப்பருக்கு அவ்வளவு வறட்சி நல்லதல்ல.

துணி அலமாரிக்கென்று சூப்பர்மார்க்கெட்டில் விற்கும் ஈர உறிஞ்சிகளை இந்த டப்பாவுக்குள் வைக்காதீர்கள். அவற்றில் இருப்பது கால்சியம் குளோரைடு. உறிஞ்சிய ஈரம் கீழே உப்புத் தண்ணீராகத் தேங்கும். டப்பா ஒருமுறை சாய்ந்தால் கேமராவின் உலோகத்தை அரித்துவிடும். நாப்தலீன் உருண்டையும் கூடாது. அதன் ஆவி கண்ணாடியில் படியும். அரிசியில் புதைப்பது பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள்: உறிஞ்சுவது சொற்பம், மாவும் தூசியும் நிறைய, அந்த மாவே பூஞ்சைக்கு உணவு.

உணவு என்றதும் காவடிக்கு வருகிறேன், ஏனென்றால் நம் குடும்பங்கள் வருடத்தில் அதிகம் படமெடுக்கும் நாள் அது. பால்சொம்பிலிருந்து ஒரு துளி லென்ஸ் விளிம்பில் தெறித்தால் அது வெறும் கறையல்ல. பாலின் கொழுப்பும் சர்க்கரையும் பூஞ்சைக்கு விருந்து. விபூதி மாவு போல மென்மையானது, ஜூம் வளையத்தின் இடுக்கில் இறங்கி உள்ளே அரைபடும். கற்பூரப் புகை கண்ணாடியில் மெல்லிய கரியாகப் படியும். ஆற்றங்கரையில் காவடி எடுக்கும் இடத்திலோ, கோர் தே கார்த் மலைப்படியிலோ லென்ஸை மாற்றாதீர்கள். வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஒரு லென்ஸை மாட்டுங்கள். அது கேமராவோடு வரும் 18-55 ஜூமாக இருந்தாலும் போதும், நாள் முழுக்க அதுவே இருக்கட்டும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, ரப்பர் பேண்டால் லென்ஸ் விளிம்பில் கட்டினால் தூறலும் விபூதியும் வெளியே நிற்கும். வீடு திரும்பியதும் முதல் வேலை: ரப்பர் ஊதுகுழலால் தூசியை ஊதுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். பிறகு சுத்தமான மைக்ரோஃபைபர் துணியில் லென்ஸ் திரவம் 2 துளி விட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வட்டமாகத் துடையுங்கள். திரவம் துணியில்தான் விட வேண்டும். கண்ணாடியில் விட்டால் விளிம்பு வழியே உள்ளே இறங்கும். ஊதாமல் துடைக்கவே கூடாது. புடவை முந்தானையால் துடைத்துக் கீறல் விழுந்த லென்ஸுக்கு எந்தக் கடையிலும் மருந்தில்லை.

கடற்கரைக்கும் இதுவே. ஃப்ளிக் அன் ஃப்ளாக்கிலிருந்து திரும்பினால், நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் கேமரா உடம்பை ஒற்றியெடுத்து, உடனே உலர்துணியால் துடையுங்கள். உப்பு ஈரத்தை இழுத்துவைக்கும். மணல் புகுந்து வளையம் கரகரவென்றால் திருப்பாதீர்கள், அப்படியே கொண்டுவாருங்கள். ஏசி அறையிலிருந்தோ காரிலிருந்தோ வெப்பத்துக்குள் இறங்கும்முன் கேமராவை ஜிப் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடி, வெளியே வந்தபின் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். பனி பையின் மேல் படியட்டும், கண்ணாடியில் வேண்டாம்.

இத்தனையையும்விடச் சிறந்த மருந்து ஒன்று இருக்கிறது: கேமராவை எடுத்துப் பயன்படுத்துங்கள். வாரம் ஒருமுறை, ஞாயிறு காலை 20 நிமிடம் போதும். ஜூமை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பத்துமுறை திருப்புங்கள்; உள்ளே தேங்கிய காற்று மாறும். பிறகு பிள்ளையை ஜன்னலோரம் உட்காரவைத்து, ஃபிளாஷை அணைத்து, டயலை ஏவி (Av) அல்லது ஏ (A) எழுத்துக்குத் திருப்பி, லென்ஸுக்குள் ஒளி நுழையும் துவாரத்தைக் கிடைக்கிற மிகச் சிறிய எண்ணுக்கு வையுங்கள். ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) தானாக மாறட்டும், மேல்வரம்பு 3200. ஷட்டர் வேகம் 1/125 நொடிக்குக் கீழே இறங்கினால் பிள்ளையின் கை மங்கும். ஓடி ஆடினால் 1/250 வேண்டும். மங்கலான படங்களைப் பார்த்துவிட்டுக் கேமராவையே குறை சொல்லி உள்ளே வைத்துவிடுகிற குடும்பங்கள்தான் பிறகு பூஞ்சையோடு வருகின்றன. வேகத்தைக் கவனிக்கப் பழகினால் அந்த மங்கல் போய்விடும்; வாராவாரம் வெளிச்சமும் காற்றும் கண்ட லென்ஸ் பூப்பதும் அரிது. தயவுசெய்து, பிள்ளைகள் வளர்கிற வேகத்துக்கு உங்கள் கேமராவை வெளியே எடுத்துக்கொண்டே இருங்கள். மாதக்கணக்கில் தொடமுடியாது என்றால் மட்டும் பேட்டரியைப் பாதி சார்ஜில் கழற்றிவையுங்கள்.

லென்ஸை நேரடி வெயிலில் காயவைக்காதீர்கள். மூடியில்லாத லென்ஸ் சூரியனைக் குவித்துத் துணியைப் பொசுக்கிவிடும்; சூட்டில் மசகு இளகித் துவாரத்தின் தகடுகளில் வழியும். வெயிலில் வைத்தாலும் முளைத்த வலை கண்ணாடியை விட்டுப் போகாது.

இன்றே ஒரு சோதனை செய்துபாருங்கள். லென்ஸைக் கழற்றி, பின்புறம் இருக்கும் சிறு நெம்புகோலை விரலால் தள்ளித் துவாரத்தைத் திறங்கள். நெம்புகோல் இல்லாத வகையென்றால் அப்படியே பாருங்கள். ஒரு பக்கம் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து மறுபக்கம் உற்றுப் பாருங்கள். தனித்தனிப் புள்ளிகள் தூசி. எல்லா லென்ஸிலும் உண்டு, படத்தைக் கெடுக்காது. இழைகளாகக் கிளைத்திருந்தால் பூஞ்சை. படத்தில் மட்டும் கரும்புள்ளிகள் தெரிகின்றனவா? துவாரத்தை 16-இல் வைத்து வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் மங்கலாகப் படமெடுங்கள். புள்ளிகள் ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் நின்றால் அது சென்சார் தூசி, பூஞ்சை அல்ல.

பூஞ்சை ஓரத்தில் கடுகளவு இருந்தால் பதற வேண்டாம். ஆனால் நாள் கடத்தவும் வேண்டாம்: அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரிக்கிறது. அரித்த பிறகு சுத்தம் செய்தாலும் வலையின் தடம் அப்படியே நிற்கும். இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பசைக்கு நடுவில் நுழைந்துவிட்டால் எங்களாலும் ஒன்றும் செய்யமுடியாது. கேமராவோடு வரும் சாதா லென்ஸுக்குச் சுத்தம் செய்யும் கூலி, பழைய லென்ஸ் ஒன்றின் விலைக்கே வந்துவிடும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது எங்கள் கடமை. வீடியோ பார்த்து வீட்டில் பிரிக்காதீர்கள். லென்ஸ் கழற்ற முடியாத சின்னக் கேமராக்களை நிச்சயமாக வேண்டாம். உள்ளே ஃபிளாஷுக்கான மின்தேக்கியில் சுமார் 300 வோல்ட் தேங்கியிருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அடிக்கும்.

கொண்டுவரும்போது பையை வீட்டிலேயே விடுங்கள். லென்ஸை மற்ற லென்ஸ்களிலிருந்து பிரித்து, தனி ஜிப் பையில் போடுங்கள். நல்ல வெயிலில் அதே லென்ஸால் எடுத்த இரண்டு படங்களை மெமரி கார்டில் வைத்துக் கொடுங்கள்: ஒன்று துவாரத்தை முழுக்கத் திறந்து, ஒன்று 11-இல். பழுதுபார்ப்பவர் அந்த இரண்டையும் பார்த்தாலே, பிரிப்பது பயன்தருமா என்று கூலி வாங்கும்முன் சொல்லிவிடுவார்.