குழாய் ஒலிபெருக்கி என்றால் என்ன?

கிட்டார் வாசிப்பவர்கள் 'ட்யூப் ஆம்ப்' என்று சொல்லும் சாதனத்தைக் 'குழாய் ஒலிபெருக்கி' என்று எழுதும் பழக்கம் தொற்றிக்கொண்டுவிட்டது. விற்பனை விளம்பரம், காணொளியின் கீழ் ஓடும் வரி, எங்கே பார்த்தாலும் அதுதான். இனியும் பொறுக்க முடியாது என்பதால் இந்தக் குறிப்பு.

மூலத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆம்ப் என்பது ஆம்ப்ளிஃபயரின் சுருக்கம். 'அகன்ற, பெரிய' என்று பொருள்படும் ஆம்ப்ளுஸ் என்ற லத்தீன் சொல் அதன் வேர். ட்யூப் என்பது காற்றை உறிஞ்சி எடுத்து மூடிய கண்ணாடிக் குப்பி. 1904இல் ஜான் ஆம்ப்ரோஸ் ஃப்ளெமிங் இரண்டு மின்முனைகள் கொண்ட குப்பியைச் செய்தார். இரண்டொரு ஆண்டில் லீ டி ஃபாரஸ்ட் மூன்றாவது முனையைச் சேர்த்தார். அந்த முனைக்குக் கொடுக்கும் சிறு மின்னழுத்தம் பெரிய மின்னோட்டத்தை ஆட்டிவைக்கும். கிட்டார் கம்பியின் மெல்லிய அதிர்வு மேடைக்குப் போதுமான சத்தமாக வளர்வது அப்படித்தான்.

இதற்கு ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். அமெரிக்கர் உருவத்தைப் பார்த்து ட்யூப் என்றார்கள். பிரெஞ்சுக்காரர் 'லாம்ப்' என்றார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களிடம் 'ஆம்ப்ளி ஆ லாம்ப்' என்று சொன்னால் போதும். மின்விளக்கு ஆராய்ச்சியிலிருந்து பிறந்த பொருள் என்பதால் அதுவும் பொருத்தமே. ஆங்கிலேயர் வேலையைப் பார்த்து வால்வு என்றார்கள்: மின்னோட்டத்தை ஒரு பக்கம் மட்டும் விடுவது. பண்ருட்டிப் பக்கம் கிணற்று மோட்டார் வைத்திருப்பவருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஃபுட் வால்வு தண்ணீரை மேலே விடும், திரும்ப இறங்க விடாது.

நாம் ஆங்கிலேயர் வழியில் போனோம். டிரான்சிஸ்டர் வருவதற்கு முன் வீட்டில் இருந்தது 'வால்வு ரேடியோ'. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பெல்) நிறுவனமே வால்வு தயாரித்தது. அந்தப் பழைய 'பெல்' வால்வுகளைக் கிட்டார்க்காரர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள். ஆக, தமிழில் இந்தப் பொருளுக்கு இரண்டு தலைமுறை புழங்கிய பெயர் ஏற்கெனவே இருக்கிறது.

அப்புறம் எதற்குக் குழாய்? கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் குழாய் என்றால் இரண்டு பொருள். ஒன்று, தண்ணீர் வருவது. இன்னொன்று, கோயில் திருவிழாவுக்குப் பனைமரத்திலும் மின்கம்பத்திலும் கட்டுவது. 'குழாய் கட்டியாச்சா?' என்றால் ஊரே கேட்கப் பாட்டுப் போடப் போகிறார்கள் என்று அர்த்தம். காவல் துறை அறிவிப்புகளில் அதுதான் 'கூம்பு வடிவ ஒலிபெருக்கி'. ஆக, 'குழாய் ஒலிபெருக்கி' என்ற சொல் தமிழில் காலியாக இல்லை. அதில் ஏற்கெனவே ஒரு பொருள் குடியிருக்கிறது.

புதுச்சேரி நண்பர் ஒருவர் தன் மார்ஷல் ஜேசிஎம் 2000 ஆம்ப்பைக் கொடுத்துவிட்டு, 1980களின் ஜேசிஎம் 800 வாங்க விரும்பினார். புதியதில் சேனல்களும் பொத்தான்களும் அதிகம், பழையதில் சுற்று எளிது, கை வைத்த விதம் அப்படியே கேட்கும் என்பது அவர் கட்சி. விளம்பரத்தை நல்ல தமிழில் போடுகிறேன் என்று ஒருவர் 'புதிய குழாய் ஒலிபெருக்கிக்கு மாற்றாகப் பழங்காலக் குழாய் ஒலிபெருக்கி தேவை' என்று திருத்திக் கொடுத்தார். முதலில் வந்த அழைப்பு தேவனாம்பட்டினத்திலிருந்து. மாசி மகத்துக்கு நாலு குழாய் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை, சரியாகத்தான் படித்திருக்கிறார்கள்.

திருகினால் திறந்து மூடும் குழாயும் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவதுதானே, அதனால் பொருந்துகிறதே என்று வாதாடியவரும் உண்டு. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் சொல்லை ஆக்கியவர் அதை நினைக்கவில்லை. ட்யூப் என்றதும் அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டார். 'வெற்றிடக் குழல்' என்பது பரவாயில்லை, பாடநூல் நடைக்குச் சரி. அதையும் சுருக்கிக் 'குழல் பெருக்கி' என்று சொன்னால் புல்லாங்குழலுக்கு வைக்கும் கருவி என்று நினைப்பார்கள்.

'ஒலிபெருக்கி'யிலும் கோளாறு இருக்கிறது. தமிழில் அது பெரும்பாலும் ஸ்பீக்கரைக் குறிக்கிறது. ஆம்ப் பெருக்குவது மின் சமிக்ஞையை, அதாவது சிக்னலை. அதை ஒலியாக்குவது ஸ்பீக்கர். இரண்டும் தனித்தனிப் பெட்டியாக வரும்போது இரண்டையும் ஒலிபெருக்கி என்றால் எதை விற்கிறீர்கள் என்றே தெரியாது. பள்ளிப் புத்தகத்தில் உள்ள 'பெருக்கி' சரியான சொல். துடைப்பம் நினைவுக்கு வரும் என்று சிலர் கிண்டல் செய்வார்கள், செய்யட்டும். என் தேர்வு 'வால்வு பெருக்கி'. பேச்சில் 'வால்வு ஆம்ப்'. தனித்தமிழ் அன்பர்கள் கோபித்துக்கொள்ளலாம். புரியாத தமிழைவிடப் புரியும் கடன் மேல்.

'பழங்கால' என்பது இன்னொரு கொடுமை. அரிக்கமேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு 1980களைப் பழங்காலம் என்பதா? 'பழைய மாடல்' என்றால் எல்லோருக்கும் விளங்கும். கொடுத்து வாங்குவதற்கும் 'எக்ஸ்சேஞ்ச்' போதும், 'பண்டமாற்று' வேண்டாம்.

இதெல்லாம் சிரிப்போடு போகும். பராமரிப்புக் குறிப்பை மொழிபெயர்ப்பவர்கள் செய்வது அப்படிப் போகாது. 'மின்தேக்கிகளை வெளியேற்றவும்' என்று ஒரு வரி எழுதுகிறார்கள். மின்தேக்கி என்பது மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர். படிப்பவர் அதைக் கழற்றக் கை வைப்பார். மூலம் சொல்வது வேறு: அதில் தேங்கிய மின்னேற்றத்தை முதலில் இறக்கு. வால்வு ஆம்ப்பின் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே சில நூறு வோல்ட் தங்கியிருக்கலாம். அங்கே எழுத வேண்டியது இதுதான்: 'பிளக்கைப் பிடுங்குங்கள், மின்தேக்கியில் தங்கிய மின்சாரத்தை விவரம் தெரிந்த ஒருவரைக் கொண்டு இறக்குங்கள், மீட்டரில் அளந்து பார்க்காமல் உள்ளே கை விடாதீர்கள்.'