மேப்பிள் இலை மூன்றே நாளில் ஏன் பழுப்பாகிறது?

கனடாவின் ஒன்டாரியோவில் செப்டம்பர் கடைசி வந்துவிட்டால், டொரோண்டோ சுற்றுவட்டாரத்துக் குடும்பங்கள் வடக்கே அல்கோன்குயின் பூங்காவை நோக்கிக் காரைக் கிளப்பிவிடுவார்கள். நம் தமிழ்க் குடும்பங்களும் அதில் உண்டு. ஆனால் பலர் அக்டோபர் இரண்டாம் திங்களன்று வரும் தாங்க்ஸ்கிவிங் விடுமுறைக்காகக் காத்திருந்து போகிறார்கள். அதற்குள் அங்கே சுகர் மேப்பிளின் சிவப்பு பெரும்பாலும் உதிர்ந்துபோய், ஆஸ்பென் மரங்களின் மஞ்சள்தான் மிஞ்சியிருக்கும். சிவப்பைப் பார்க்க வேண்டுமென்றால் ஒன்றிரண்டு வாரம் முன்னதாகப் போவதே நல்லது.

எப்போது போனாலும், குழந்தைகளுக்கு இலை வேண்டும். பூங்காவில் செடி, கிளைகளைப் பறிக்கக் கூடாது. வீட்டுத் தெருவில் விழுந்து கிடப்பதே தோரணத்துக்கும் கதவில் மாட்டும் வளையத்துக்கும் தாராளமாகப் போதும். சிக்கல் அப்புறம்தான். இன்று பளபளவென்று மேசையில் வைத்த இலை, மூன்றாம் நாள் சுருண்டு பழுப்பாகிக் கிடக்கும். மரத்தில் வாரக்கணக்கில் நின்ற நிறம் வீட்டுக்குள் வந்ததும் எங்கே போகிறது?

முதலில் அந்த நிறம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இலையின் பச்சைக்குக் காரணமான பச்சையம் நிலையான பொருள் இல்லை. வெயிலில் சிதைந்துகொண்டே இருக்கும், இலையும் புதிதாகத் தயாரித்துக்கொண்டே இருக்கும். பகல் குறுகத் தொடங்கியதும் மரம் அந்தத் தயாரிப்பை நிறுத்திவிடுகிறது. கூடவே, இலையில் போட்டு வைத்திருக்கும் முதலீட்டைத் திரும்ப எடுக்கவும் தொடங்குகிறது. முக்கியமாக நைட்ரஜன். பச்சையத்தோடு ஒட்டியிருக்கும் புரதங்களில்தான் அது நிறைய இருக்கிறது. அவற்றைப் பிரித்து எடுத்தால், தனியே நிற்கும் பச்சையம் வெளிச்சம் பட்டதும் செல்லையே சேதப்படுத்தும். அதனால் அதையும் உடைத்து, நிறமற்ற துண்டுகளாக்கி ஓரமாக ஒதுக்கிவிடுகிறது இலை. இப்படி இலையின் நைட்ரஜனில் ஏறக்குறைய பாதி, கிளைக்கும் வேருக்கும் போய்ச் சேர்ந்துவிடும். நாம் கேமராவோடு போய்ப் பார்ப்பது உண்மையில் ஒரு பெரிய சரக்கு இடமாற்றம்.

பச்சை விலகியதும் தெரியும் மஞ்சள், கோடை முழுக்க அங்கேயே இருந்ததுதான். கரோட்டினாய்டுகள் எனப்படும் இந்த நிறமிகள் கேரட்டிலும் மக்காச்சோளத்திலும் இருப்பவற்றின் இனம். இவை கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரையாது. பிர்ச், ஆஸ்பென், ஜின்கோ ஆகிய மரங்கள் மஞ்சளோடு நின்றுவிடுகின்றன.

சிவப்பு கதை வேறு. அது முன்பே இருந்தது இல்லை, இலையுதிர் காலத்தில் புதிதாகத் தயாராவது. ஆந்தோசயனின் என்பது அதன் பெயர். நாவல்பழத்துக்கும் சங்குப்பூவுக்கும் நிறம் தருவதும் இதே குடும்பம். இலையில் தங்கிய சர்க்கரையைக் கொண்டு உருவாகி, செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பையில் சேர்கிறது. பகலில் நல்ல வெயில் அடித்தால் சர்க்கரை நிறைய உண்டாகும். இரவு உறையாத அளவுக்குக் குளிர்ந்தால் அந்தச் சர்க்கரை இலையை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும். இந்த இரண்டும் அடுத்தடுத்து அமைந்த ஆண்டில் மலை முழுக்கத் தீப்பிடித்த மாதிரி இருக்கும். மழையும் மேகமுமாகப் போனால் நிறம் மங்கல். கடும் உறைபனி முன்கூட்டியே வந்தால் இலை செத்துப் பழுப்பாகிவிடும்.

வெளிச்சம் இதற்கு எவ்வளவு அவசியம் என்று கண்ணாலேயே பார்க்கலாம். சிவந்த மேப்பிள் இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் சிவப்புக்கு நடுவே, கத்தரித்து ஒட்டியது போல் ஒரு மஞ்சள் பகுதி இருக்கும். மேலே இன்னொரு இலை மறைத்துக்கொண்டிருந்த இடம் அது. மறைத்த இலையின் விளிம்பு, பல்வரிசையோடு அப்படியே பதிந்திருக்கும். தோரணம் கட்ட இப்படிப்பட்ட இலைகளைப் பொறுக்குவதில் எனக்குத் தனி ஆசை.

சரி, விழப்போகிற இலைக்குச் சாயம் பூச மரம் ஏன் செலவழிக்க வேண்டும்? இங்கே இரண்டு கட்சிகள். நைட்ரஜனைத் திருப்பி எடுக்கும் வேலை முடியும்வரை, பலவீனமான இலையை அதிக வெளிச்சத்திலிருந்து காக்கும் திரை இது என்பது ஒரு கட்சி. உயிரியலாளர்கள் டபிள்யூ. டி. ஹாமில்டன், சாம் பிரவுன் இருவரின் பெயரில் 2001-இல் வெளிவந்த கட்டுரை இன்னொன்றைச் சொன்னது: இலையுதிர் காலத்தில் முட்டையிட வரும் அசுவினிப் பூச்சிகளுக்கு, ‘நான் வலுவான மரம், வேறிடம் பார்’ என்று மரம் காட்டும் எச்சரிக்கை இந்தப் பளிச்சென்ற நிறம். சுவையான யோசனைதான். ஆனால் மஞ்சளைப் பார்த்தால் அசுவினி ஓடுவதில்லை, தேடி வந்து உட்காருகிறது. நம் ஊர் விவசாயிகள் வயலில் மஞ்சள் ஒட்டுப்பொறி வைப்பதே அதை நம்பித்தான். எனக்கு முதல் கட்சியே பலமாகப் படுகிறது, ஆனால் விவாதம் முடியவில்லை.

இதற்கிடையே காம்பின் அடியில் கதவு சாத்தும் வேலை நடக்கிறது. இலையிலிருந்து கிளைக்கு இறங்கும் ஆக்சின் என்ற தாவர ஹார்மோன் குறையக் குறைய, இலையை உதிரத் தூண்டும் எத்திலீன் என்ற இன்னொரு ஹார்மோனின் கை ஓங்கும். காம்பு கிளையோடு சேரும் இடத்தில் உள்ள மெல்லிய அடுக்கில், செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரையும். கிளைப் பக்கம் தக்கை போன்ற பூச்சு வந்து காயத்தை மூடும். பிறகு ஒரு காற்று போதும். ஓக் மரங்கள் பலவற்றில் இந்த வேலை அரைகுறையாக நிற்பதால், பழுப்பு இலைகள் பனிக்காலம் முழுக்கக் கிளையிலேயே தொங்கும்.

இப்போது உங்கள் மேசைக்கு வருவோம். விழுந்த இலையின் செல்கள் உடனே சாவதில்லை, காயக் காயத்தான் ஒவ்வொன்றாக உடைகின்றன. நீர்ப்பை உடைந்ததும், உள்ளே இருந்த பீனால் வகைப் பொருள்கள் வெளியே இருக்கும் நொதிகளோடு கலக்கின்றன. காற்றின் ஆக்சிஜனும் சேர, பழுப்பு நிறம் பிறக்கிறது. நறுக்கிய கத்தரிக்காய் கறுப்பதும் இதே வினைதான், கத்தரிக்காயை நாம் தண்ணீரில் போட்டுத் தப்பிக்கிறோம். இலைக்குத் தண்ணீர் சரிப்படாது. அதை வேகமாகக் காயவைக்க வேண்டும், இல்லையென்றால் காற்றை மறைக்க வேண்டும்.

உறிஞ்சும் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்குவது பழைய வழி. ஈரத்தைத் தாள் வாங்கிக்கொள்ளும், பாரம் சுருளவிடாது. முதல் இரண்டு நாள் தாளை மாற்றுவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மெழுகுத்தாள் இரண்டுக்கு நடுவே இலையை வைத்து, மேலே துணி போட்டு இஸ்திரி போட்டால், மெழுகு உருகி மேலே படியும். சூடு நொதிகளையும் ஓரளவு அடக்கும். இன்னும் நன்றாக வரவேண்டுமென்றால் தேன்மெழுகு. அது 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். நேரடித் தீயில் வைக்காமல், சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். காம்பைப் பிடித்து ஒரு முக்கு முக்கி, தொங்கவிட்டு ஆறவைக்க வேண்டியதுதான். முக்கும் வேலை பெரியவர்களுடையது.

இலை வளைந்துகொடுக்க வேண்டுமானால் கிளிசரின். ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து கிளையை நிற்கவைத்தால் அது உறிஞ்சிக்கொள்ளும் என்று கைவினைக் குறிப்புகளில் சொல்வார்கள். பச்சைக் கிளைக்கு அது உண்மை. சிவந்த இலைக்கு நடக்காது, காம்பில் கதவு சாத்தியாகிவிட்டதே! நிறம் மாறிய இலைகளைத் தட்டையான தட்டில் அதே கலவையில் சில நாள் அமிழ்த்தி வைக்க வேண்டும். தண்ணீர் ஆவியாகும், கிளிசரின் ஆகாது, அது இலைக்குள்ளேயே தங்கி மொறுமொறுப்பைத் தடுக்கிறது. நிறம் சற்றுக் கருக்கும்.

எதைச் செய்தாலும் ஜன்னலோரம் மாட்டாதீர்கள். ஆந்தோசயனின் வெளிச்சத்தில் வெளுக்கும், மஞ்சள் சற்றுத் தாக்குப்பிடிக்கும். டொரோண்டோ தெருக்களில் நிறைய நிற்கும் நார்வே மேப்பிள் மஞ்சளாகத்தான் மாறும், அதுவும் தாமதமாக. அதன் இலைகளில் தார் தெறித்தது போல் கறுப்புப் பொட்டுகள் இருந்தால் பயப்பட வேண்டாம், அது ஒரு பூஞ்சை. அலங்காரத்துக்கு அதுவும் அழகுதான்.

பைன் காய்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அவற்றின் செதில்கள் இரண்டு அடுக்குகளால் ஆனவை. ஈரம் பட்டால் வெளி அடுக்கு உள் அடுக்கைவிட அதிகம் நீளும், செதில் உள்நோக்கி வளைந்து காய் மூடிக்கொள்ளும். காய்ந்தால் விரியும். செல்கள் எப்போதோ செத்துப்போயிருந்தாலும் இந்த அசைவு நிற்காது. அதனால் மழையில் நனைந்து இறுகிப்போன காய்களை உதவாது என்று விட்டுவிட வேண்டாம். ஓவனில் மிதமான சூட்டில், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் வைத்தால் விரிந்துவிடும். உள்ளே ஒளிந்திருக்கும் பூச்சிகளும் ஒழியும்.