‘டிஸ்ஏபிள்மென்ட்’ என்றால் ஊனமா?

வேலையில் அடிபட்டவர் இழப்பீடு கேட்டுப் போனால் எல்லோரும் கேட்பது, ‘டிஸ்ஏபிலிட்டி எத்தனை பர்சன்ட்?’ ஆனால் 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் ஆண்ட சொல் ‘டிஸ்ஏபிள்மென்ட்’. (2025 நவம்பரில் இதன் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது; இங்கே சொல்வது பழைய சட்டப்படி.) இரண்டையும் ‘ஊனம்’ என்றே எழுதிவிடுகிறோம். தொழிலாளிக்குப் பணம் குறைவது இங்கேதான்.

ஊனம் வடசொல். ‘ஊன’ என்றால் குறைந்த. பத்தொன்பதுக்கு வடமொழியில் ‘ஏகோனவிம்சதி’, அதாவது ஒன்று குறைந்த இருபது. (தசையைக் குறிக்கும் ‘ஊன்’ வேறு சொல்.) ஊனம் உடம்பின் குறையைச் சொல்லும்; கூலியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. சட்டம் கேட்பதோ, விபத்து நடந்தபோது செய்ய முடிந்த வேலையை இனிச் செய்ய முடியுமா என்பதை. எனவே ‘இயலாமை’ என்பதே நேரான தமிழ். சதவீதத்துக்கு ‘ஈட்டுதிறன் இழப்பு’, அதாவது சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பது.

ஒடிசாவின் ஜெய்ப்பூரில் ஒரு திரையரங்கில் அலங்கார வேலை செய்த தச்சர் விழுந்து, இடக்கை முழங்கைக்கு மேல் துண்டிக்கப்பட்டது. இது பகுதி இயலாமைதான் என்றார் முதலாளி. ஒற்றைக் கையால் தச்சு வேலை நடக்காது, ஆகவே முழு இயலாமை என்று 1975இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. கை ஒன்றுதான் போனது. தொழில் முழுதும் போனது.

கணக்கைப் பாருங்கள். 30 வயது, மாதச் சம்பளம் 15,000 ரூபாய் (2020 ஜனவரி 3 முதல் அந்தச் சட்டத்தில் கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு இதுவே உச்சவரம்பு). முழு இயலாமைக்கு இதில் 60%, அதாவது 9,000, கணக்கில் வரும். வயதுக்குச் சட்டம் தரும் பெருக்கு எண் 207.98, பெருக்கினால் 18,71,820. கைக் கட்டைவிரல் போனால், காயங்களுக்குச் சதவீதம் தரும் சட்ட அட்டவணைப்படி 30%, அதாவது 5,61,546 ரூபாய்.

அட்டவணையில் இல்லாத காயத்துக்கு மருத்துவரே ஈட்டுதிறன் இழப்பை மதிப்பிட வேண்டும். தோள் உயராத சுமைத் தொழிலாளிக்கு ‘தோள் அசைவுக் குறைவு 25%’ என்று மட்டும் சான்றிதழ் வந்தால், எதிர்த்தரப்பு அந்த 25ஐயே பிடித்துக்கொள்ளும். மூட்டை தூக்கிப் பிழைத்தவர் என்பதை மருத்துவரிடம் சொல்லி, அந்த வேலைக்கான இழப்பைத் தனியாக எழுதி வாங்குங்கள். சலுகைகளுக்காகத் தரும் 40% மாற்றுத்திறனாளி அட்டை வேறு சட்டத்துக்கானது. அது இதற்கு ஈடாகாது.

இதை மேல்முறையீட்டில் சரிசெய்துகொள்ளலாம் என்று விடவும் முடியாது. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி 60 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். ஆனால் முக்கியமான சட்டப் பிரச்சினை இருந்தால்தான். சதவீதம் பெரும்பாலும் சட்டக் கேள்வி அல்ல, நடந்தது என்ன என்ற சங்கதி சார்ந்தது. இழப்பீட்டு வழக்கை முதலில் விசாரிக்கும் ஆணையர் முன் வைக்காமல் விட்ட சாட்சியத்தை அங்கே சேர்ப்பது கடினம். தச்சர் வழக்கு மாதிரி, ‘சட்டத்தில் முழு இயலாமை என்றால் என்ன’ என்று கேட்டால் வழி உண்டு. முதலாளி மேல்முறையீடு செய்தால், தீர்ப்புத் தொகையை ஆணையரிடம் கட்டிய சான்றிதழை மனுவோடு வைத்தாக வேண்டும். அது இணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.