நல்லா வாய் பேசுவான், வக்கீலுக்குப் படிக்கட்டும்!

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் வழக்குக்காக என் அலுவலகப் படியேறுபவர்களை விட மகனையோ மகளையோ கூட்டிக்கொண்டு வருபவர்கள்தான் அதிகம். போன மே மாதம் வந்த ஒரு அம்மாவும் வழக்கமான வசனத்தோடுதான் ஆரம்பித்தார். "நல்லா வாய் பேசுவான் சார். யார்கிட்டயும் விட்டுக்கொடுக்க மாட்டான். வக்கீலுக்குப் படிக்க வைக்கலாம்னு பார்க்கிறேன்." பையன் தலையைக் குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் இருந்த அரை மணி நேரத்தில் அவன் வாயைத் திறந்தது இரண்டே முறை. இரண்டாவது முறை, தண்ணீர் கேட்க.

தென்மாவட்டக் கீழமை நீதிமன்றங்களில் 19 வருடமாக வக்கீலாக இருக்கிறேன். இந்த "வாய் பேசுவான்" தகுதியைக் கேட்காத வருடம் கிடையாது. எல்லாம் சினிமா கோர்ட் செய்த வேலை. நீதிபதி முன்னால் நான் பேசுகிற நேரத்தையெல்லாம் கூட்டினால், சாதாரண நாளில் இருபது நிமிடம் தேறினால் பெரிது. மற்ற நேரமெல்லாம் தாள்தான். வழக்குக் கட்டைப் பிரித்துப் படிப்பது, எழுதுவது, அடித்துத் திருத்துவது, தேதி எண்ணுவது. பேச்சு வராத நல்ல வக்கீல்களை எனக்குத் தெரியும். தாள் பிடிக்காத நல்ல வக்கீல் ஒருவரையும் தெரியாது.

அந்த அம்மாவிடம் நான் முதலில் கேட்டதும் தாளைத்தான். மார்க்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், பத்தாம் வகுப்பு, ப்ளஸ் டூ சான்றிதழ்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று கேட்டேன். காரணம் இருக்கிறது. பத்தாவது, ப்ளஸ் டூ எதையும் முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்கள் சட்டப் படிப்பில் சேர முடியாது என்று, வக்கீல் தொழிலையும் சட்டப் படிப்பையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள் சொல்கின்றன. அடிப்படைப் படிப்பை முறையாக முடித்துவிட்டுத் தொலைதூரக் கல்வியில் பட்டம் வாங்கியவர்களுக்கு இந்தத் தடை இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் பணம் கட்டியவர்கள் உண்டு. அதே மாதிரி, தபாலில் படித்து எல்.எல்.பி. வாங்கினால் அதை வைத்து வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் வந்தார். வெளிமாநிலக் கல்லூரி ஒன்றில் எல்.எல்.பி. முடித்திருந்தார். "வகுப்புக்கே வர வேண்டாம், பரீட்சைக்கு வந்தால் போதும்" என்று ஏஜென்ட் சொல்லியிருக்கிறார், இவரும் அப்படியே செய்திருக்கிறார். அந்த மூன்று வருடமும் உள்ளூரில் வேலைக்குப் போன சம்பளப் பதிவேடு இருக்கிறது. பதிவுக்கு விண்ணப்பித்தபோது, ஒரே நாளில் இரண்டு ஊரில் எப்படி இருந்தீர்கள் என்ற கேள்வி வந்தது. இந்த மாதிரிக் கல்லூரிகளுக்கு எங்கள் வட்டாரத்தில் "லெட்டர்பேடு கல்லூரி" என்று பெயர். 2025 ஆகஸ்டில், அடுத்த மூன்று வருடத்துக்குப் புதிய சட்டக் கல்லூரிகளுக்கு அனுமதி இல்லை என்று பார் கவுன்சில் அறிவித்ததற்குத் தரமில்லாத கல்லூரிகள் பெருகியதும் ஒரு காரணம். பணம் கட்டும் முன் அந்தக் கல்லூரிக்கு பார் கவுன்சில் அங்கீகாரம் எந்த வருடம் வரை இருக்கிறது என்று பாருங்கள். அங்கீகாரம் ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் செல்லுபடியாகிற விஷயமல்ல.

தமிழ்நாட்டில் வழி அவ்வளவு குழப்பமானதில்லை. ப்ளஸ் டூ முடித்தவர்களுக்கு ஐந்து வருடப் படிப்பு, பட்டம் முடித்தவர்களுக்கு மூன்று வருடப் படிப்பு. 1997-ல் தொடங்கிய டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் சீர்மிகு சட்டப்பள்ளியும் அரசு சட்டக் கல்லூரிகளும் இருக்கின்றன. இவற்றில் மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கை, நுழைவுத் தேர்வு கிடையாது. திருச்சியில் இருக்கும் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் கிளாட் என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வை எழுத வேண்டும்: 120 கேள்விகள், இரண்டு மணி நேரம், தப்பான பதிலுக்குக் கால் மார்க் போகும்.

சேர்ந்த பிறகுதான் உண்மையான பிரச்சினை. 1891-ல் தொடங்கிய சென்னை சட்டக் கல்லூரி பல தலைமுறைகளாக உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருந்தது. வகுப்பு பிடிக்காவிட்டால் எழுந்து நடந்து கோர்ட் ஹாலில் போய் உட்காரலாம். 2018-ல் அதைப் புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் மாற்றிவிட்டார்கள். கட்டடம் நன்றாக இருக்கிறது, இடம் விசாலமாக இருக்கிறது, எல்லாம் சரி. ஆனால் அந்த நடை போய்விட்டது. இப்போது அந்த மாணவர்கள் கோர்ட்டைப் பார்ப்பதென்றால் பஸ் ஏறி வர வேண்டும்.

அதனால்தான் இன்டர்ன்ஷிப்பை நான் பெரிதாகச் சொல்கிறேன். ஐந்து வருடப் படிப்பில் குறைந்தது 20 வாரம், மூன்று வருடப் படிப்பில் 12 வாரம் என்று விதி இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அதைக் கடைசி வாரத்தில் வந்து கையெழுத்து வாங்கும் சான்றிதழாகவே நினைக்கிறார்கள். என்னிடம் வருபவர்களை முதல் வாரம் என் பக்கத்தில் உட்கார வைப்பதில்லை, குமாஸ்தாவோடு அனுப்பிவிடுவேன். ஒரு வழக்கைத் தாக்கல் செய்தால் அது எந்த மேசைக்குப் போகிறது, எதற்காக ரிட்டர்ன் போட்டு, அதாவது குறை சொல்லித் திருப்பித் தருகிறார்கள், பேட்டா என்கிற சம்மன் கட்டணத்தைக் கட்டாவிட்டால் எதிராளிக்குச் சம்மன் போகாமல் வழக்கு எப்படிக் கிடப்பில் விழுகிறது, நகல் மனு போட்டால் எத்தனை நாளில் கிடைக்கும் என்பதையெல்லாம் எந்தப் புத்தகமும் அவரளவுக்குச் சொல்லித் தராது. "வக்கீலுக்குப் படிக்க வந்தேன், என்னை குமாஸ்தா வேலை பார்க்கச் சொல்றீங்களே" என்று ஒரு மாணவன் முகத்தைத் தூக்கினான். குமாஸ்தா வேலை தெரியாத வக்கீலைக் குமாஸ்தாதான் நடத்துவார் என்று சொன்னேன். மறுநாள் அவன் வரவில்லை.

தேதி எண்ணுவது என்றேனே, அதற்கு என் கதையையே சொல்கிறேன். நான் ஜூனியராகச் சேர்ந்த இரண்டாம் வருடம். ஒரு வியாபாரி, பணமில்லாமல் திரும்பிய காசோலையோடு வந்தார். காசோலை திரும்பியதைச் சொல்லும் மெமோ வங்கியிலிருந்து அவர் கைக்கு வந்தது மார்ச் 5. காசோலை கொடுத்தவருக்கு நோட்டீஸ் தயாரிக்கும் வேலையை சீனியர் என்னிடம் விட்டார். கடைசி நாள் ஏப்ரல் 5 என்று டைரியில் குறித்துக்கொண்டு, அன்று காலைதான் டைப் அடித்துக் கையெழுத்துக்கு நீட்டினேன். சீனியர் விரலை மடக்கி எண்ணினார். மார்ச்சுக்கு 31 நாள். சட்டம் கொடுத்திருப்பது 30 நாள். ஏப்ரல் 4-ஆம் தேதியே கெடு முடிந்துவிட்டது.

காசோலை வழக்குகளுக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138-ல் நோட்டீஸ் அனுப்ப "30 நாள்". நோட்டீஸ் கைக்குப் போன பின் பணம் கட்ட 15 நாள். அதிலும் கட்டாவிட்டால் புகார் தாக்கல் செய்ய, பிரிவு 142-ன்படி "ஒரு மாதம்". ஒரே சட்டத்தில் ஓரிடத்தில் நாள் கணக்கு, இன்னோரிடத்தில் மாதக் கணக்கு. புகார் தாமதமானால் காரணம் காட்டி மன்னிப்புக் கேட்க வழியுண்டு. நோட்டீஸ் தாமதமானால் அதுவும் கிடையாது. நான் இரண்டையும் ஒன்றாக நினைத்திருந்தேன். கல்லூரியில் இந்தப் பாடத்தில் எனக்கு நல்ல மார்க் என்பது தனி வேடிக்கை.

சீனியர் கத்தவில்லை. காசோலையின் தேதியைப் பார்த்தார், வியாபாரிக்கு போன் போட்டு மறுபடியும் வங்கியில் போடச் சொன்னார். அப்போது காசோலைக்கு ஆறு மாத ஆயுள். இரண்டாவது முறையும் திரும்பியது, புதிய மெமோ, புதிய 30 நாள், தப்பித்தோம். 2012 ஏப்ரலிலிருந்து அந்த ஆயுள் மூன்றே மாதம். இன்று ஒரு ஜூனியர் அதே தப்பைச் செய்தால் அந்தக் கதவு அவ்வளவு அகலமாகத் திறந்திருக்காது.

இன்னொரு சங்கடம் மொழி. உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம். ஆனால் கீழமை நீதிமன்றத்தில் சாட்சியம் தமிழில், வழக்குரை தமிழில், தீர்ப்பும் பெரும்பாலும் தமிழில். ஆங்கில வழியில் படித்து, மூட் கோர்ட் என்கிற மாதிரி நீதிமன்றப் போட்டிகளில் பரிசெல்லாம் வாங்கிய ஒரு பெண் என்னிடம் ஜூனியராகச் சேர்ந்தார். கெட்டிக்காரர். 1960-களின் கிரயப் பத்திரம் ஒன்றைக் கையில் கொடுத்தேன். "தபசில்" என்ற இடத்தில் நின்றுவிட்டார், "செக்குபந்தி"யில் மறுபடி நின்றார். சொத்து விவரமும் நான்கு எல்லையும்தான் அவை. சிவில் வழக்குகளுக்கான முதல் படி நீதிமன்றமான முன்சீப் கோர்ட்டில் இருக்கும் வழக்குகளில் பெரும்பகுதி நிலத்தகராறு. வடக்கு எல்லை யாருடைய புஞ்சை என்று படிக்கத் தெரியாவிட்டால், உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நூறு மனப்பாடமாக இருந்தும் பயனில்லை. அவர் மூன்று மாதத்தில் பழைய கையெழுத்துப் பத்திரங்களையே வேகமாகப் படிக்கப் பழகிவிட்டார். வீட்டில் இருக்கும் தாத்தா காலத்துப் பத்திரத்தை எடுத்து இன்றே படித்துப் பார்க்கலாம், செலவில்லாத பயிற்சி.

மாணவர்கள் அடிக்கடி கேட்பது: "பழைய ஐ.பி.சி.யைப் படிக்கணுமா சார்?" ஐ.பி.சி. என்ற இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா, அதோடு இன்னும் இரண்டு, ஆக மூன்று புதிய சட்டங்கள் 2024 ஜூலை 1 முதல் வந்துவிட்டன. ஆனால் அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டத்தின் கீழ்தான் தண்டனை, அந்த வழக்குகள் இன்னும் பல வருடம் ஓடும். ஆக, கொலைக்குப் பழைய பிரிவு 302-ம் தெரிய வேண்டும், புதிய 103-ம் தெரிய வேண்டும். மோசடிக்கான 420 இப்போது 318(4). ஊரில் ஒருவரைத் திட்டுவதற்கு அது வசதிப்படாது, பழைய நம்பரே இருக்கட்டும்.

படிப்பு முடிந்ததும் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு. பதிவுக் கட்டணம் 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு முன் கடன் வாங்கிப் பதிவு செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பதிவு செய்தவர்கள் எழுத வேண்டிய அகில இந்திய பார் தேர்வைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை. 100 கேள்வி, மைனஸ் மார்க் இல்லை, குறிப்புகள் எழுதாத வெறும் சட்டப் புத்தகத்தைக் கொண்டுபோகலாம். சட்டப் புத்தகத்தைத் தொட்டே பார்க்காமல் கைடிலேயே ஐந்து வருடம் ஓட்டியவர்களுக்குத்தான் அது கஷ்டம். எந்தப் பிரிவு எந்தப் பக்கத்தில் என்று தேடியே நேரம் போய்விடும்.

அடுத்து பணம். இதைப் பெற்றோர் கேட்கத் தயங்குகிறார்கள், எங்கள் ஆட்கள் சொல்லத் தயங்குகிறோம். சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் உதவித்தொகை தர அறிவுறுத்தும்படி 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. நடைமுறையில் என் ஊரில் அந்தத் தொகை தரும் அலுவலகங்களை விரல் விட்டு எண்ணலாம். என் அலுவலகம் அந்த எண்ணிக்கையில் இல்லை. ஒருவருக்குப் பன்னிரண்டாயிரம் தருகிறேன், அது போதாது என்று எனக்கும் தெரியும். முதல் மூன்று வருடம் வீட்டிலிருந்து பணம் வர வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் இறங்க வேண்டும். முழுநேரச் சம்பள வேலை பார்த்துக்கொண்டே வக்கீல் தொழிலும் செய்ய பார் கவுன்சில் விதி இடம் தராது. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் குற்ற வழக்கு இலவசச் சட்ட உதவித் திட்டத்தில், அனுபவம் குறைந்தவர்களுக்கென்றே உதவி வக்கீல் பணியிடங்கள் உண்டு. அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள்.

நீதிபதி ஆகலாம் என்று சேர்கிறவர்களுக்கு ஒன்று. 2025 மே 20 தீர்ப்பில், சிவில் நீதிபதித் தேர்வுக்கு மூன்று வருட வக்கீல் அனுபவத்தை உச்ச நீதிமன்றம் மறுபடியும் கட்டாயமாக்கியது. கல்லூரி முடித்த கையோடு கோச்சிங் சென்டரில் உட்கார்ந்து தேர்வு எழுதுகிற பழைய கணக்கு இனி சரிவராது. எனக்கு அதில் வருத்தமில்லை. சம்பளமில்லாத மூன்று வருடத்தை வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் எப்படித் தாண்டுவார்கள் என்ற கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் தெரியவில்லை. நம் மாநிலத் தேர்வில் மொழிபெயர்ப்புக்கென்றே ஒரு தாள் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். தபசில் அங்கேயும் வரும்.

அந்தப் பையன் கதை பாதியில் நிற்கிறது. "காலேஜ் திறக்கிற வரைக்கும் இவன் என்ன படிக்கட்டும் சார்?" என்று அம்மா கேட்டார். கட்சிக்காரர்களின் வழக்குக் கட்டை வெளியாளிடம் தரக் கூடாது. அதனால் இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கும் ஒரு முன்சீப் கோர்ட் தீர்ப்பை, தமிழில் இருப்பதாகப் பார்த்து, பிரின்ட் போட்டுக் கொடுத்தேன். 14 பக்கம். ஒரு வண்டிப்பாதைத் தகராறு. படித்துவிட்டு ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு வா தம்பி என்றேன். வருவான் என்று நினைக்கவில்லை.

பத்து நாள் கழித்து வந்தான். கையெழுத்து கோழிக் கிறுக்கல். ஆனால் யார் வாதி, யார் பிரதிவாதி, பாதை எந்தப் பக்கம் போகிறது என்பதைச் சரியாக எழுதியிருந்தான், படம் கூட வரைந்திருந்தான். கீழே ஒரு கேள்வி: "கேஸ் போட்டது 2009. தீர்ப்பு 2021. பாதை இருபது அடி நீளம்தான். 12 வருஷம் என்ன சார் பண்ணாங்க?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். வாய்தா என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்தோம்.